முப்பத்தெட்டாவது புள்ளி

ஓலாரித் தீவில் பட்டாளம் இல்லை என்பதை முதலில் கண்டுபிடித்தவர் சமையல்காரர் மிக்கேல். அறுபது சிப்பாய்களுக்கு முட்டை பொரித்து, ரொட்டி வாட்டி அடுக்கி வைத்திருந்தார். ஏழரை மணிவரை ஒருவரும் தட்டைத் தூக்கிக்கொண்டு வரவில்லை. எட்டு மணிக்குக் கையில் கரண்டியோடு அவர்களுடைய குடியிருப்புக்குப் போய் எட்டிப் பார்த்தார். கட்டில்கள் இருந்தன. போர்வைகள் மடித்துக் கிடந்தன. ஆள் இல்லை. ஓடுபாதையில் முந்தின நாள் வந்து நின்ற சரக்கு விமானம் இரண்டையும் காணோம். ராத்திரி அவை கிளம்பிய சத்தத்தை எல்லாரும் வழக்கமான சரக்குப் போக்குவரத்து என்று நினைத்துத் தூங்கிவிட்டிருந்தார்கள்.

"சொல்லாமக் கொள்ளாம ஓடிட்டானுவ," என்று திரும்பி வந்து சொன்னார். "அறுபது பேருக்கு முட்டை கெடக்கு. ஆளுக்கு ரெண்டு மூணுன்னு தின்னு தீருங்க."

மிச்சம் இருந்தவர்கள் முப்பத்தெட்டுப் பேர். ஓடுபாதையை நீட்டிப் போட வந்த ஒப்பந்தத் தொழிலாளர்கள். அருப்புக்கோட்டை, சாத்தூர், தூத்துக்குடி என்று எல்லாருமே தெற்கத்திக்காரர்கள். ஓலாரி, பசிபிக் பெருங்கடலின் நடுவில் நான்கு கிலோமீட்டர் நீளமும் அரைக் கிலோமீட்டர் அகலமும் கொண்ட ஒரு மணல் திட்டு. தென்னையைத் தவிர எதுவும் விளையாது. ஆனால் இரண்டு கண்டங்களுக்கு நடுவே ஒரு விமானம் இறங்கி எரிபொருள் போட்டுக்கொள்ள அதை விட்டால் வேறு இடம் கிடையாது. அதனால் தெற்குக் கூட்டணி அதை வைத்திருந்தது. வடக்குக் கூட்டணிக்கு அது வேண்டியிருந்தது.

ஒன்பது மணிக்கு வயர்லெஸ் அறையில் ஒரு குரல் ஆங்கிலத்தில் பேசியது. நிதானமான, மரியாதையான குரல்.

"ஓலாரித் தீவின் மீது ஏழு நாள் கணிப்பு இன்று தொடங்குகிறது. தினமும் மாலை நான்கு மணிக்கு எண்ணிக்கை அறிவிக்கப்படும். ஏழாம் நாள் எண்ணிக்கையின்படி நடவடிக்கை எடுக்கப்படும். நன்றி."

"நன்றி வேற," என்றான் அழகர். கான்கிரீட் கலவை இயந்திரம் ஓட்டுகிறவன். அறையே சிரித்தது.

கதவோரம் நின்ற ஜெசிந்தா சிரிக்கவில்லை. கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையத்தைப் பார்த்துக்கொள்கிறவள் அவள். வேதியியல் படித்தவள், இருபத்து நான்கு வயது. முப்பத்தெட்டுப் பேரில் பெண் அவள் ஒருத்திதான். ஒரு வருடத்தில் அவள் குரலைக் கேட்டவர்கள் ஐந்தாறு பேர் இருந்தால் அதிகம். மிக்கேலிடம் மட்டும் பேசுவாள். தூத்துக்குடியில் அவர் வீடு அவள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி.

சமையலறையில் அவரிடம் போய் நின்றாள்.

"அண்ணே, அது என்ன கணிப்புன்னு தெரியுமா?"

"ஏழு நாள் கழிச்சு வாரானுவ. வரட்டுமே. நம்மகிட்ட என்ன துப்பாக்கியா இருக்கு?"

"துப்பாக்கி இல்லைன்னு அதுக்குத் தெரியாதுண்ணே." அவள் கூரையைக் காட்டினாள். "மேல தும்பி மாதிரி சின்னச் சின்ன மெஷின் சுத்திக்கிட்டு இருக்கும். அது மூஞ்சியப் பாக்கக் கூடாது, பேச்சக் கேக்கக் கூடாதுன்னு ரெண்டு கூட்டணிக்கும் ஒப்பந்தம், பேப்பர்ல வந்துச்சு. மூஞ்சிய வச்சு நீ இந்த நாட்டுக்காரன்னு சுடக் கூடாதுல்ல, அதனால. சிப்பாயும் சட்டைய மாத்திக்கிடலாம், பொய் சொல்லலாம். அதனால சட்டை, பேச்சு எதுவும் கணக்குல வராது. மேலேருந்து பாத்தா நம்ம ஒவ்வொருத்தரும் ஒரு புள்ளி. அந்தப் புள்ளி ஏழு நாள் எப்பிடி நடக்கு, எங்க நிக்கு, அத மட்டும் பாக்கும். பாத்துட்டு இது சிப்பாய், இது சாதாரண ஆளுன்னு பிரிக்கும்."

"பிரிச்சு?"

"ஏழாம் நாள் சிப்பாய்னு குறிச்ச புள்ளி ஒவ்வொண்ணுக்கும் ஒரு தும்பி இறங்கும்."

"இறங்கி?"

"வெடிக்கும்."

மிக்கேல் அடுப்பைக் குறைத்தார். "நமக்கு என்ன தங்கச்சி. நம்ம நடையப் பாத்தா எந்த மடையனுக்கும் தெரியும், இவனுவ மண்ணு சுமக்க வந்தவனுவன்னு."

மாலை நான்கு மணிக்கு அதே குரல் சொன்னது. "நபர்கள் முப்பத்தெட்டு. படைவீரர்கள் முப்பத்தொன்று. நன்றி."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

*

மேற்பார்வையாளர் பெருமாள்சாமி இந்தியப் பட்டாளத்தில் இருபத்திரண்டு வருடம் இருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். அறுபத்தொரு வயதிலும் முதுகு வளையாது. எல்லாரும் அவரை ஹவில்தார் என்றுதான் கூப்பிட்டார்கள். அவர் உடனே வயர்லெஸ்ஸில் தன் ஆங்கிலத்தில் விளக்கினார். நாங்கள் தொழிலாளர்கள், எங்களிடம் ஆயுதம் இல்லை, வேண்டுமானால் வந்து பாருங்கள். பதில் உடனே வந்தது. "சொல் ஏற்கப்படாது. நடத்தை மட்டுமே ஏற்கப்படும். நன்றி."

"நடத்தைதான? காமிச்சிருவோம்," என்றார் ஹவில்தார்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு முப்பத்தேழு ஆண்களும் ஓடுபாதையில் நின்றார்கள். நான்கு வரிசை. ஆளுக்கும் ஆளுக்கும் நடுவில் ஆறடி. ஒவ்வொருவர் காலடியிலும் ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பு, நான்கு மூலையிலும் கல் வைத்து. ஹவில்தார் விசில் ஊதியதும் எல்லாரும் ஒன்றாகக் கையைத் தூக்கினார்கள். மறுபடி ஊதியதும் ஒன்றாக இறக்கினார்கள். இப்படி மதியம்வரை நடந்தது. ஒருவர்கூடச் சுணங்கவில்லை. பார்க்கக் கண்கொள்ளாக் காட்சியாக இருந்தது.

நான்கு மணிக்கு எண்ணிக்கை வந்தது. படைவீரர்கள் முப்பத்தாறு.

சீனிராஜ் என்கிற கம்பி கட்டுகிற ஆள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். அழகர் ஹவில்தாரையே பார்த்தான். ஹவில்தார் வயர்லெஸ் பெட்டியையே பார்த்தார், அது ஏதோ தவறாகப் படித்துவிட்டது போல.

மிக்கேல் ஜெசிந்தாவின் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து அவர் முன்னால் நிறுத்தினார். "எங்கிட்ட சொன்னத இவருகிட்டச் சொல்லு."

அவள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "வரிசையா நின்னா அதுக்குப் பட்டாளம் சார். எல்லாரும் ஒரே நேரத்துல கையத் தூக்கினா பட்டாளம். நம்ம எப்பவுமே அப்பிடித்தான் இருக்கோம்."

"எப்பிடி?"

"அஞ்சு மணிக்கு விசில். அஞ்சே காலுக்கு ஆஜர். ரெண்டு ரெண்டு பேராத்தான் வேலைக்குப் போகணும். சாப்பாட்டுக்கு மூணு பந்தி, பந்திக்குப் பதினஞ்சு நிமிசம். ஒன்பதரைக்கு வெளக்கு அணைக்கணும்."

"அது பாதுகாப்பு விதிம்மா. அதனாலதான் ஒரு வருசத்துல ஒருத்தனுக்கும் கை கால் போகல."

"நிஜமான சிப்பாய்ங்க தென்னமரத்தடியில படுத்துக் கெடந்தாங்க சார். மீன் பிடிச்சாங்க. இந்தத் தீவுல பட்டாளம் மாதிரி இருந்தது நம்மதான்."

ஹவில்தார் கழுத்தில் தொங்கிய விசிலைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டார். "நாளையிலேருந்து ஒழுங்கு கெடையாது," என்றார் எல்லாருக்கும் கேட்கும்படி. "எல்லாரும் சும்மா இருக்கணும். இது உத்தரவு."

*

சும்மா இருப்பது அவர்களுக்குத் தெரியவில்லை. மூன்றாம் நாள் காலை சாப்பாட்டுக்கூடச் சுவரில் ஹவில்தார் ஒரு தாள் ஒட்டியிருந்தார். எட்டு முதல் பத்து, தென்னைமரத்தடியில் படுத்தல். பத்து முதல் பன்னிரண்டு, கடற்கரையில் இஷ்டப்படி நடத்தல். மூன்று குழுவாகப் பெயரும் போட்டிருந்தது. அவர்கள் அதன்படியே படுத்தார்கள், அதன்படியே எழுந்தார்கள். மாலையில் எண்ணிக்கை முப்பத்து மூன்று.

"மூணு பேரு கொறஞ்சிருக்கோம்ல," என்றார் ஹவில்தார், கொஞ்சம் நம்பிக்கையாக.

"மூணு பேரு தாளப் படிக்கத் தெரியாதவனா இருப்பான்," என்றான் அழகர்.

அன்றைக்குத்தான் ஜெசிந்தா தானாக வாயைத் திறந்தாள். எல்லார் முன்னாலும் இல்லை, ஹவில்தாரிடம் மட்டும். "சார், தாள எடுத்துருங்க. ஊருல ஞாயித்துக்கெழமை என்ன செய்வாங்களோ அதச் செய்யச் சொல்லுங்க. அவங்கவங்க ஊரு, அவங்கவங்க ஞாயித்துக்கெழம."

தாள் கிழிந்தது. நான்காம் நாள் தீவு தலைகீழானது. அழகரும் சீனிராஜும் ஓடுபாதையின் நட்டநடுவில் சுண்ணாம்பால் கட்டம் கிழித்து ஆடுபுலி ஆட்டம் போட்டார்கள். ஒரு ஆட்டைத் தின்றது முறையா இல்லையா என்று இரண்டு மணி நேரம் சண்டை. பஞ்சாயத்துப் பேசப் பதினோரு பேர் கூடினார்கள், பதினோரு தீர்ப்பு வந்தது. ஒருவன் இன்னொருவனுக்கு முடி வெட்ட ஆரம்பித்துப் பாதியில் பசிக்கிறது என்று எழுந்து போனான். பாதித்தலையோடு மற்றவன் அவனைத் தேடிக்கொண்டு தீவு முழுக்க அலைந்தான். மிக்கேல் யாருக்கு எப்போது பசித்ததோ அப்போது பரிமாறினார். "பந்தி இல்லாம பைத்தியம் புடிச்சிரும்போல இருக்கு," என்று புலம்பினார். முகம் மட்டும் மலர்ந்திருந்தது.

நான்கு மணிக்குப் பன்னிரண்டு.

ஜெசிந்தா நோட்டில் கட்டம் போட்டு எல்லார் பெயரையும் எழுதினாள். யார் என்ன செய்தார்கள், யார் இன்னும் நேராக நடக்கிறார்கள், யார் இன்னும் மணி பார்த்து எழுகிறார்கள். எழுதியதை மிக்கேலிடம் கொடுப்பாள். அவர் போய்ச் சொல்வார். "ஏல, நீ இன்னும் கைய வீசி நடக்குறியாம். வேட்டியத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நட, தன்னால சரியாப் போகும்."

ஐந்தாம் நாள் குரல் சொன்னது. "நபர்கள் முப்பத்தெட்டு. படைவீரர்கள் ஒன்று. நன்றி."

மூச்சு விட்டார்கள். அடுத்த நொடியில் யாரும் யாரையும் பார்க்கவில்லை. பார்க்காமல் இருந்ததிலேயே எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. ஹவில்தாரின் நடை அப்படி. வேட்டி கட்டினாலும், செருப்பைத் தேய்த்தாலும், பட்டாளம் அவர் காலில் இருந்தது. விசில் இல்லாவிட்டாலும் நான்கரைக்கு எழுந்துவிடுகிறவர்.

அவரே எழுந்தார். தன் கட்டிலை மடக்கினார்.

"எங்க சார் போறீங்க?" என்று அழகர் கேட்டான்.

"ஓடுபாதைக் கடைசிக்கு. அந்தத் தும்பி வெடிச்சா சுத்திப் பத்துப் பதினஞ்சு அடிக்கு சேதாரம் இருக்கும். உங்க நடுவுல படுத்திருக்கக் கூடாது."

"இன்னும் ரெண்டு நாள் இருக்கு சார். நடையத் தளத்திப் பழகலாம். நான் பழக்கி விடுறேன், எனக்கு நேரா நடக்கவே வராது."

"இருபத்திரண்டு வருசம்டா. ரெண்டு நாள்ல எறங்குமா?" கட்டிலைத் தோளில் வைத்துக்கொண்டு வெயிலில் நடந்தார். அப்போதும் நேராகத்தான் நடந்தார். அழகர் கொஞ்ச தூரம் பின்னாலேயே போனான். அவர் திரும்பி ஒரு பார்வை பார்த்ததும் நின்றுவிட்டான்.

ஆறாம் நாள் முழுக்க அவர் அந்தக் கட்டிலை விட்டு இறங்கவில்லை. வானத்தைப் பார்த்துப் படுத்திருந்தார். மிக்கேல் ஒரு கிலோமீட்டர் நடந்து சோறு கொண்டுபோய்க் கொடுத்தார். நீட்டிய காலை மடக்கக்கூட யோசித்தார் என்று வந்து சொன்னார்.

நான்கு மணிக்கு, ஒன்று.

*

மற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டு கலைந்தார்கள். ஜெசிந்தா நோட்டைத் திறந்தாள். ஹவில்தாரின் கட்டத்தில் அன்று எழுத எதுவும் இல்லை. நாள் முழுக்க நகராத ஒரு புள்ளி. நகராத புள்ளியைச் சிப்பாய் என்று எதை வைத்துச் சொல்லும்? எண்ணிக்கை தினமும் மாறுகிறது என்றால் அதற்குப் பழசு அவ்வளவு நினைவில் இல்லை என்றுதான் அர்த்தம். அப்படியானால் அவர் நேற்றோடு கழிந்திருக்க வேண்டும்.

வேறு யார்? பெயர் பெயராக விரல் வைத்து வந்தாள். ஆடுபுலிக்காரர்கள் இல்லை. பாதித்தலை இல்லை. மிக்கேல் அண்ணன் சோறு தூக்கிக்கொண்டு நான்கு தடவை வழியில் நின்று இளைப்பாறியவர், அவர் இல்லை. கடைசிப் பெயருக்கு வந்தபோது கீழே வரிசை எண் முப்பத்தேழு என்று இருந்தது.

மறுபடி எண்ணினாள். முப்பத்தேழு. ஆறு நாளாகக் குரல் முப்பத்தெட்டு என்று சொல்லிக்கொண்டிருந்தது.

அவள் தன் பெயரை எழுதவே இல்லை.

இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அவள் நிலையத்தைச் சுற்றி வர வேண்டும். காலை ஆறு, எட்டு, பத்து, ஒரு நிமிடம் தப்பாது. கடலிலிருந்து நீர் இழுக்கும் பம்பு, வடிகட்டி, அழுத்தப் பம்பு, தொட்டி, உப்புநீர் திரும்பக் கடலில் விழுகிற வாய். ஐந்து இடம். ஒவ்வொன்றிலும் அளவுமானியின் முள் அசையாமல் நிற்கும்வரை ஒன்றரை நிமிடம் தானும் அசையாமல் நிற்பாள். கரையில் இருக்கிற பம்படியில் பாசி வருகிறதா என்று கடலைப் பார்ப்பாள். பிறகு அடுத்த இடம். யாரோடும் நின்று பேசுவதில்லை. பேசுவது அவளுக்கு வராது.

மேலேயிருந்து பார்த்தால் அது ரோந்து. தனியாக, நேரம் தவறாமல், கடலைப் பார்த்து நின்று நின்று நடக்கிற காவல்.

அன்று அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அந்தக் கட்டிலில் படுக்க வேண்டியவள் தான்தான் என்பது தெரிந்திருந்தது.

ஏழாம் நாள் காலை ஆறு மணிச் சுற்றுக்குப் போகாமல் ஓடுபாதைக் கடைசிக்கு நடந்தாள். ஹவில்தார் எழுந்து உட்கார்ந்தார்.

"நீங்க இல்ல சார்," என்றாள். "நான்."

விவரம் முழுவதையும் அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். முகம் ஒரு கணம் இளகியது. உடனே அதை அடக்கினார். அடக்கியதை அவள் பார்த்துவிட்டாள் என்று தெரிந்ததும் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"சந்தோசப்பட்டுட்டேன் தாயி. ஒரு நிமிசம். மன்னிச்சுக்க."

"நீங்க எந்திரிச்சு அங்க போங்க சார். நான் இங்க இருக்கேன்."

"பேசாத. சுத்துப் போகாம இருந்தா என்ன?"

"ஒரு நாள் நிப்பாட்டினா உள்ள இருக்கிற சவ்வு கெட்டுரும். தொட்டியில நாளை வரைக்கும்தான் தண்ணி. அப்புறம் சிப்பாய் ஆனாலும் ஒண்ணுதான், ஆகாட்டியும் ஒண்ணுதான்."

"வேற ஒருத்தன அனுப்பினா?"

"அவரு சிப்பாய் ஆயிருவாரு."

ஹவில்தார் கட்டிலை மடக்கித் தோளில் வைத்தார். "வா. இத நீயே அவங்ககிட்டச் சொல்லணும். மிக்கேல் மூலமா இல்ல."

சாப்பாட்டுக்கூடத்தில் முப்பத்தாறு முகங்கள் திரும்பின. ஜெசிந்தா மூன்று வாக்கியத்தில் சொல்லி முடித்தாள். நான்காவது வாக்கியம் வாயில் வர நேரம் பிடித்தது.

"எனக்கு என்ன செய்யன்னு தெரியல. யாராவது கூட வாங்க."

மிக்கேல் அடுப்பை அணைத்தார். "ஒரு ஆளு கடலப் பாத்து நடந்தாத்தானே காவலு. ஊரே சேந்து நடந்தா அது காத்து வாங்கப் போறது. எந்திரிங்கல."

எட்டு மணிச் சுற்று எட்டரைக்குக் கிளம்பியது. முப்பத்தெட்டுப் பேரும். பம்படிக்குப் போய்ச் சேரவே அரைமணி ஆனது, நடுவில் ஆறு பேர் கிளிஞ்சல் பொறுக்க உட்கார்ந்துவிட்டதால். சீனிராஜ் முள்ளைக் காட்டி இது என்ன என்று கேட்டான். சொன்னாள். பின்னால் நின்றவன் கேட்கவில்லை என்றான். மறுபடி சொன்னாள். பதினைந்து தடவை சொல்லியிருப்பாள். இரண்டு பேர் வடிகட்டிக்கு முன்னாடியே போய்விட்டார்கள், நான்கு பேர் காபிக்குத் திரும்பினார்கள். பத்துமணிச் சுற்று ஒன்பதே முக்காலுக்கே போனது, தொட்டியிலிருந்து பின்பக்கமாக. அடுத்தது பன்னிரண்டே காலுக்கு, பாதிப்பேர் சோற்றுத் தட்டோடு. அழகர் உதவி செய்கிறேன் என்று அழுத்தப் பம்பின் தவறான குழாயைத் திருகினான். முள் விறுவிறுவென்று ஏறியது.

"யோவ், கைய எடு," என்று ஜெசிந்தா கத்தினாள். "படிச்சுப் படிச்சுச் சொன்னேன்ல, செவப்பத் தொடாதன்னு. காது என்ன அடைச்சிருக்கா?"

எல்லாரும் நின்றார்கள். அவளும் நின்றாள். அழகர் கையை எடுத்துவிட்டுப் பணிவாகச் சொன்னான். "சரிங்கக்கா." அவளைவிட எட்டு வயது மூத்தவன். சிரிப்பு தொட்டிவரை போய்த் திரும்பி வந்தது. அவளுக்கும் வந்தது.

மூன்றரைக்கு வானத்தில் தும்பிகள் கண்ணுக்குத் தெரிந்தன. சிட்டுக்குருவி அளவு. சத்தமில்லாமல் கீழே கீழே வந்தன. யாரும் ஓடக் கூடாது, உள்ளே பதுங்கக் கூடாது என்று ஜெசிந்தா சொல்லியிருந்தாள். அவளைச் சுற்றிப் பதினைந்தடியை விட்டு விலகி நிற்கும்படியும் சொல்லிப் பார்த்தாள். யாரும் கேட்கவில்லை. ஹவில்தார் அவள் பக்கத்தில் மணலில் உட்கார்ந்து செருப்பு வாரைச் சரிசெய்கிற மாதிரி நெளித்துக்கொண்டிருந்தார். ஒரு தும்பி அவள் தலைக்கு நேர்மேலே தென்னை உயரத்தில் நின்றது. மற்றவை எதுவும் யார் தலைக்கு மேலும் நிற்கவில்லை.

கொண்டுவந்து வைத்திருந்த வயர்லெஸ் கொரகொரவென்றது.

"நபர்கள் முப்பத்தெட்டு. படைவீரர்கள் பூஜ்யம். நன்றி."

தலைக்குமேல் நின்ற தும்பி ஒரு பக்கமாகச் சாய்ந்தது, உயர்ந்தது, போய்விட்டது. ஜெசிந்தா உட்கார இடம் தேடினாள். மணலே இருந்தது என்பது ஞாபகம் வந்து அதிலேயே உட்கார்ந்தாள். யாரும் கூச்சல் போடவில்லை. அழகர் மட்டும் சத்தம் வராமல் அழுதான். மிக்கேல் சிலுவை போட்டுக்கொண்டு, "நன்றி," என்றார் பெட்டியைப் பார்த்து.

*

ஐந்தரை மணிக்கு மூன்று படகுகள் வந்தன. ஓலாரித் தீவு பிடிபட இருபது நிமிடம் ஆனது, ஒரு சத்தம் இல்லை.

ஆனால் வந்தவர்களைப் பார்த்து ஹவில்தார் கண்ணைச் சுருக்கினார். பூப்போட்ட சட்டைகள். ஒருவன் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தான். இரண்டு பேர் எதற்கோ சண்டை போட்டுக்கொண்டே இறங்கினார்கள். ஒருவன் பாதிவழியில் நின்று, பையைத் தடவிப் பார்த்து, படகுக்கே திரும்பிப் போனான். கூட்டமே இல்லாமல் ஆளுக்கொரு பக்கம் கரையேறினார்கள்.

"இவனுகளா பட்டாளம்?" என்றார்.

தலையில் ஓலைத்தொப்பி வைத்த, ஐம்பது வயது மதிக்கத்தக்க பருத்த பெண் ஒருத்தி வந்து கை நீட்டினாள். மேஜர் என்றாள். எல்லாரும் ஊருக்குப் போகலாம், மூன்றாம் நாள் கப்பல் வரும் என்றாள். மிக்கேல் அவளுக்குச் சாம்பார் சாதம் போட்டார். ஜெசிந்தா பக்கத்தில் உட்கார்ந்து அவள் ஆங்கிலத்தைத் தமிழில் எல்லாருக்கும் சொன்னாள்.

"ஒரு வாரத்துல முப்பத்தாறுலேருந்து பூஜ்யத்துக்கு வந்திருக்கீங்க, யாரு பயிற்சி குடுத்தாங்கன்னு கேக்காங்க. அவங்க ஆளுகளுக்குப் பதினோரு வாரம் ஆச்சாம்."

"எவங்க ஆளுகளுக்கு?" என்றார் ஹவில்தார்.

ஜெசிந்தா கேட்டுச் சொன்னாள். தெற்குக் கூட்டணியிடமும் தும்பி இருக்கிறது. அதனால் வடக்குச் சிப்பாய்கள் எல்லாருக்கும் இப்போது பள்ளிக்கூடம் வைத்துச் சாதாரண மனிதர்களாக நடக்கச் சொல்லிக் கொடுக்கிறார்கள். பக்கத்தில் வருகிறவன் காலோடு கால் சேரக் கூடாது. பாதிவழியில் எதையோ மறந்துவிட்டுத் திரும்ப வேண்டும். காரணமில்லாமல் நின்று பேச வேண்டும். ஆறு மாதமாக நடக்கிறது. தெற்கிலும் இதே கதைதான், இங்கே தென்னைமரத்தடியில் படுத்திருந்தவர்களும் அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள்தான்.

"அப்ப இவங்கள அந்தத் தும்பி பாத்தா?"

"பூஜ்யம்தான் சார்."

ஹவில்தார் தட்டைத் தள்ளி வைத்தார். "அப்ப அது எதுக்கு? எல்லாரும் ஒரே மாதிரின்னா, எதப் பாத்துப் பிரிக்கும்? கேளு."

ஜெசிந்தா கேட்டாள். மேஜர் சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்த கையை நிறுத்தினாள். மெதுவாக, தணிந்த குரலில் பேசினாள். இனி அதனால் பிரிக்க முடியாது என்று இரண்டு பக்கமும் ஒப்புக்கொண்டுவிட்டார்கள். அடுத்த மாதம் முதல் தேதியோடு ஏழு நாள் ஒப்பந்தம் ரத்தாகிறது. எண்ணிக்கை கிடையாது, அறிவிப்பு கிடையாது, தும்பி மட்டும் இருக்கும். ஓலாரிக்குப் பிறகு எண்ண வேண்டிய தீவு இன்னும் ஒன்றுதான் பாக்கி. அதற்கு அப்பால் இருக்கிற தீவுகளைப் பற்றி ஜெசிந்தா கேட்டாள். மேஜர் அவளை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு, இந்தக் குழம்பில் என்ன போட்டிருக்கிறது, மிக நன்றாக இருக்கிறது என்றாள்.

"என்ன சொல்லுதாவ?" என்று மிக்கேல் கேட்டார்.

முப்பத்தேழு பேரும் அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏழு நாளில் முதல்முறையாகச் சிலர் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். சீனிராஜ் இரண்டாம் தடவை சோறு வாங்கியிருந்தான்.

"நம்ம தப்பிச்சோம்னு சொல்றாங்கண்ணே," என்றாள். "சாம்பாரு நல்லா இருக்காம்."

மூன்றாம் நாள் கப்பல் வந்தது. மேல்தளத்தில் தார்ப்பாய்க்குக் கீழே ஆளுக்கொரு மூலையாகப் படுத்தார்கள். ஜெசிந்தா ஒரு கயிற்றுச் சுருளில் தலையை வைத்தாள். தூக்கம் வருமுன் அந்த மற்றத் தீவுகளை நினைத்துப் பார்த்தாள். அங்கேயும் யாராவது ஒருத்தர் குழாய் முள்ளைப் பார்த்துக்கொண்டு நிற்பார். ஊருக்குப் போனதும் இதை எழுத வேண்டும், யாருக்கு எழுதுவது என்று தெரியாது, ஆனாலும் எழுத வேண்டும், இந்த முறை தன் பெயரில்.

விழித்தபோது வெயில் முகத்தில் அடித்தது. மணி என்ன என்று தெரியவில்லை. ஒரு நாள் முழுக்கத் தூங்கியிருப்பாள் போல. தலைமாட்டில் ஒரு தட்டை இன்னொரு தட்டால் மூடி வைத்திருந்தார்கள். சற்றுத் தள்ளி யாரோ யாரையோ, சத்தம் போடாத, பிள்ளை தூங்குது என்று அதட்டினார்கள். கப்பலைச் சுற்றி நாலாபக்கமும் தண்ணீர், வெறும் தண்ணீர்.

அவள் புரண்டு படுத்தாள்.